மூன்று வருடப் படிப்புக்கு ஒரு கை உப்பு

யார் எதைக் கேட்டாலும் எனக்குச் சரியான பதில் தெரியும். என்ன, கேட்டு நாலு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கேட்கிற நேரத்தில் என் வாயிலிருந்து வருவது 'ம்' மட்டுமே. அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, இல்லை என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து வெந்நீர் கொடுத்தவர்களும் உண்டு. (என் கல்யாணமே அப்படி ஒரு 'ம்'மில் முடிவானதுதான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இதை அவளும் படிப்பாள்.)

இப்படிப்பட்டவனைத்தான், தொண்ணூறுகளின் நடுவில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், வீட்டுக்கு நடுவே உட்கார வைத்து, "ஒரு வருசமா, மூணு வருசமா, நீயே சொல்லு" என்றார்கள்.

சமையல் படிப்பைப் பற்றிய பேச்சு அது. மதுரை ரோட்டில் புதிதாக ஒரு கேட்டரிங் கல்லூரி வந்திருந்தது. அங்கே டிப்ளமோ என்றால் ஒரு வருடம், டிகிரி என்றால் மூன்று வருடம். இந்தத் தகவலைக் கொண்டு வந்தவர் பால்ராஜ் மாமா, என் அம்மாவின் தம்பி. லாரி செட்டில் புக்கிங் கிளார்க்காக இருந்ததால் எந்த ஊருக்கு எது போகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் எந்தப் பையன் எங்கே போக வேண்டும் என்பதும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மாமா டிகிரி கட்சி. கல்லூரிப் புத்தகத்தில் இருந்த ஒரு போட்டோதான் அவருடைய ஆதாரம். அதில் டிப்ளமோ பையன்கள் குட்டையான வெள்ளைத் தொப்பியும், டிகிரி பையன்கள் ஒரு முழ உயரத் தொப்பியும் போட்டிருந்தார்கள். "ஏலே, குட்டைத் தொப்பி போட்டா கடைசி வரைக்கும் வெங்காயம்தான் உரிக்கணும்" என்றார் மாமா. அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. தான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே நாற்பது பேருக்குச் சமைத்ததாகவும், இதற்கு மூன்று வருடம் என்ன, மூன்று நாளே ஜாஸ்தி என்றும் சொல்லிவிட்டு அடுப்பில் கிடந்த வெஞ்சனத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நிற்பார். முதுகு நிமிர்ந்து ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த அடி வைப்பார். ஒரு வருடம் தூக்குவதே பெரிது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அப்பாவோ, "மூணு வருசந்தான, தூக்கிருவேன்" என்றார், ஏதோ மூன்று மூட்டையைச் சொல்வது போல. வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை. அவருக்கு அந்த ஆசை இருந்தது.

எனக்கு ஒரு வருடப் படிப்புதான் வேண்டும். அப்பாவின் முதுகுக்காக என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி, டிகிரிக்கு மூன்று வருடமும் இங்கிலீஷில் பாடம் என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. இரண்டில் எதை முதலில் சொல்வது என்று யோசிப்பதற்குள் நான் 'ம்' என்றேன். மாமா அதை மூன்று என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே டிகிரிக்கு விண்ணப்பம் போய்விட்டது.

வாயே திறக்காத பையன் எப்படிச் சமையலுக்கு வந்தான் என்று கேட்பீர்கள். வாயே திறக்காததால்தான் வந்தேன். எங்கள் மாதா கோவில் திருவிழாவில் வருடா வருடம் ஊருக்கே பிரியாணி போடுவார்கள். நேர்ச்சைக்கு வந்த ஆடு, கோழி, அரிசி எல்லாம் சேர்ந்து வரிசையாக அண்டாக்களில் வேகும். புகைக்குள் நின்றால் யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள் என்று பதினாலு வயதில் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அடுப்படியில்தான் இருந்தேன். வீட்டில் அம்மா ஆம்பளைகளைச் சமையல்கட்டுக்குள் விட மாட்டாள். ஆகவே எனக்குத் தெரிந்த மொத்தச் சமையலும் அந்த அண்டாச் சமையல் ஒன்றுதான்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. நேர்ச்சைச் சாப்பாடு என்பதால், பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளிக்கும் வரை யாரும் ஒரு பருக்கையை நாக்கில் வைக்கக் கூடாது. தம் போட்ட பிறகு மூடியையும் திறக்கக் கூடாது. உப்பு சரியா என்பதை மூக்கால்தான் பார்ப்பார்கள். சமையல்காரர் ஆவியை முகர்ந்துவிட்டு, "இன்னும் ஒரு கை" என்பார். நான் ஒரு கை அள்ளிப் போடுவேன். ஒரு கைக்குக் குறைவாக உப்புப் போடும் மனிதர்களை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

டிகிரிச் சீட்டை ஆட்கள் அதிகமாகக் கேட்டதால் ஒரு சமையல் பரீட்சை வைத்தார்கள். டிப்ளமோவுக்கு அந்தத் தொல்லை இல்லை, பேர் கொடுத்தால் போதும். பரீட்சை அன்று அப்பா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. திருப்பலிக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மாமாவும் வந்தார். இருவரையும் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

எட்டுப் பேர், எட்டு அடுப்பு. ஆளுக்கு அரைக் கிலோ அரிசி, கொஞ்சம் கோழி, மசாலா சாமான். நாலு பேர் சாப்பிடுகிற அளவுக்கு எது வேண்டுமானாலும் செய்யலாம், ஒன்றரை மணி நேரம். பரீட்சை வைத்தவர் கலாமணி மேடம். ஒட்டன்சத்திரம் பக்கம். குரல் அவ்வளவு மரியாதையாக இருக்கும், பார்வையில் அந்த மரியாதை இருக்காது.

நான் பிரியாணி செய்தேன். அந்தச் சின்னப் பாத்திரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அண்டாவைப் பார்த்தவனுக்கு அது சாம்பிராணிக் கிண்ணம் மாதிரி இருந்தது. அண்டா கிளறுகிற துடுப்பைத் தேடினேன், இல்லை. கரண்டிக்காம்பால் கிளறினேன். ஆவி வந்ததும் கண்ணை மூடி முகர்ந்தேன். உப்பு போதவில்லை என்று என் மூக்கு சொன்னது. (அந்த மூக்கை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.) ஒரு கை நிறைய அள்ளிப் போட்டேன். இன்னொரு தடவை முகர்ந்தேன். பிறகு மூடி போட்டு, தம்முக்கு மூடிமேல் ஒரு தண்ணீர்க் குடத்தை ஏற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மற்ற ஏழு பேரும் கிளறுவதும் நாக்கில் விட்டுப் பார்ப்பதுமாக இருந்தார்கள். இப்படி எச்சில் பண்ணுகிறார்களே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. நேரம் முடிந்து, அவர்கள் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டு போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மேடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, தொறக்கலீங்களா?"

"இன்னும் வரலீங்க" என்றேன்.

"என்னங்க வரல?"

சாமியார் என்று சொல்ல வாய் வரவில்லை. வாசலைப் பார்த்தேன். மேடமும் திரும்பி வாசலைப் பார்த்தார். செத்த நேரம் இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பவர் போல நின்றுவிட்டு, அடுத்த அடுப்புக்குப் போனார்.

சாமியார் வர மாட்டார், இது கோவில் இல்லை என்பது என் அறிவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கை மூடியைத் தொட மறுத்தது. நாலு வருடப் பழக்கம். அப்போது வெள்ளை வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அவர்தான் கல்லூரியை நடத்துபவர் என்று பிற்பாடு தெரிந்தது. நேராக என் அடுப்புக்குப் பக்கத்துக் குழாயில் கை கழுவினார். துடைக்கத் துண்டு இல்லாததால் இரண்டு கையையும் உதறினார். நாலைந்து சொட்டு என் பாத்திரத்தின் மேல் விழுந்தது.

எனக்கு அது போதும். சிலுவை போட்டுக்கொண்டு, குடத்தை இறக்கி, மூடியைத் திறந்தேன். பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் வெளியே போனார்.

மேடம் தட்டில் போடச் சொல்லி, அதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்தார். நடந்தே குழாயடிக்குப் போனார். அங்கே அவர் இருந்த நேரத்தை நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் ஒரு ஜெபமாலை முடிந்திருக்கும். திரும்பி வந்து அப்பாவையும் மாமாவையும் உள்ளே கூப்பிட்டு, உப்பு அதிகம் என்றும், மூன்று வருடத்துக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றும், இதை வைத்துக்கொண்டு தான் எப்படிப் பேரை எழுதுவது என்றும் பக்குவமாகச் சொன்னார்.

அப்பா தட்டைக் கையில் வாங்கினார். ஒரு கவளம் போட்டார். மென்றார். விழுங்கினார்.

"உப்பு எங்கேம்மா இருக்கு? நல்லாத்தான இருக்கு."

இரண்டாவது கவளம். மூன்றாவது. மாமாவும் ஒத்தாசைக்கு ஒரு கவளம் எடுத்தார். ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. (அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் அன்றைக்குப் போனே கிடையாது.) அப்பா நிறுத்தவில்லை. நெற்றியில் வேர்வை கட்டி நின்றது. கண் ஓரத்தில் தண்ணீர். ஆனால் கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. நடுவில், "மூணு வருசத்துலயே போடுங்கம்மா, கத்துக்கிருவான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தட்டைக் காலி செய்தால் இன்னும் மூன்று வருடம் மூட்டை தூக்கலாம். அதற்காகத்தான் ஒரு மனிதர் இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் போய்த் தட்டைப் பிடித்தேன்.

"ஒரு வருசம் போதும்ப்பா."

"தட்ட விடுலே."

"விட மாட்டேன். எனக்கு ஒரு வருசந்தான் வேணும். அன்னைக்கே சொல்ல நெனச்சேன். ஒங்க முதுகு மூணு வருசம் தாங்காதுப்பா."

அப்பா தட்டை ஒரு பக்கம் இழுத்தார், நான் மறுபக்கம் இழுத்தேன். பிரியாணி இருவர் சட்டையிலும் விழுந்தது. பதினெட்டு வருடத்தில் நான் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பேசாத மாடு பேசிவிட்டால் வரும் திகைப்புதான் இருந்தது. பிடியை விட்டார். குழாயடிக்குப் போய் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தார். மூன்றாவது செம்பைப் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

மேடம் பேனாவைத் திறந்தபடி அப்பாவிடம் கேட்டார்:

"ஏனுங்க, தம்பி பேசுவாருங்களா?"

"இன்னைக்குத்தாம்மா ஆரம்பிச்சிருக்கான்" என்றார் அப்பா.

மேடம் என் பெயரை டிகிரிக் காகிதத்தில் அடித்துவிட்டு டிப்ளமோக் காகிதத்தில் எழுதினார். சேர்ந்த முதல் நாளே ஒரு சின்னக் கரண்டியில் கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார். ருசி பார்க்காமல் இறக்கினால் மறுநாள் வரக் கூடாது என்றார். அந்த வருடம் முழுவதும் என் கழுத்தில் ஜெபமாலையும் கரண்டியும் சேர்ந்தே தொங்கின. திட்டியது மாதிரியும் இருக்காது, திட்டாதது மாதிரியும் இருக்காது, அப்படி ஒரு குரலில் எனக்கு அளவு சொல்லிக் கொடுத்தவர் அவர். இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஐந்நூறு பேருக்கும் சமைக்கிறேன், பத்தியக்காரர் ஒருவருக்குத் தனியாகவும் சமைக்கிறேன் என்றால் அது அவர் போட்ட கரண்டி.

படிப்பு முடிந்த மாதமே எனக்கு ஒரு விடுதி மெஸ்ஸில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தன்று அப்பாவின் தோளில் கிடந்த சும்மாட்டுத் துணியை அம்மா எடுத்து அடுப்புத் துடைக்க வைத்துக்கொண்டாள். அப்பா மார்க்கெட் வாசலில் எலுமிச்சம்பழக் கடை போட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை. மாமாதான் என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. நெட்டைத் தொப்பி போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம். எனக்கும் அந்தத் தொப்பி மேல் கொஞ்சம் ஆசை இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாரும் உப்பு ஜாஸ்தி என்று சொல்வதில்லை. குழம்பு கரித்தால், "இன்னைக்குச் சீட்டு நிச்சயம்" என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இதைப் பாராட்டு என்று நினைத்து, ஒரு மாதம் அதே அளவில் போட்டுவிட்டாள்.

சில வருடங்களுக்குப் பிறகு அப்பாவுக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குப் பின்னால் வராந்தா நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, சாப்பாட்டில் உப்பு நிறையச் சேர்ப்பீர்களா என்று கேட்டார்.

"ஒரே ஒரு நாளுதான்யா சேத்தேன்" என்றார் அப்பா. "இவனுக்கு மூணு வருசச் சீட்டு வாங்க. அதையும் இவன் வேணாம்னுட்டான்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, என்ன சீட்டு என்று கேட்டார். அப்பா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.