ஹாங்கர் அன்ரி

கோட்டு மாட்டுகிற கம்பி ஹாங்கரைக் களவெடுப்பதற்கென்றே உலகத்தில் ஒருவர் பிறந்தார் என்றால், அது எங்கள் ஹாங்கர் அன்ரிதான். எண்பதுகளின் நடுவில், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடியில் நானும் தவமண்ணையும் குடியிருந்தோம். கீழ் அறையில் இந்த ஜெர்மன்காரி. எழுபது தாண்டிய வயது, நெட்டை உருவம், எந்த வெயிலிலும் கழற்றாத பச்சைத் தொப்பி. கதவில் எழுதியிருந்த பெயரை வாசிக்க நாங்கள் எடுத்த முயற்சிகள் எல்லாம் பாதியிலேயே நின்றுவிட்டன.

தவமண்ணைக்கு ட்ரை கிளீனிங் கடையில் வேலை. உடைந்த, வளைந்த ஹாங்கர்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். குளியலறை மாடியில் இருந்ததால் அன்ரி எந்நேரமும் மேலே வரலாம். அவர் குளித்துவிட்டுப் போனால் எங்கள் சட்டைகள் கட்டிலில் கிடக்கும். ஹாங்கர் ஒன்றும் இருக்காது. ஆனால் சட்டைகளை அழகாக மடித்து வைத்திருப்பார். அதனால் கள்ளி என்று திட்டவும் வாய் வரவில்லை.

ஒருநாள் துணிந்து கேட்டேன். எங்கள் இருவருடைய இங்கிலீசும் முட்டிக்கொண்ட விதத்தை எழுத முடியாது, தமிழிலேயே தருகிறேன்.

"அன்ரி, என்ர ஹாங்கரைக் கண்டனீங்களோ?"

"சட்டைக்குள் நீ இல்லாதபோது அதற்கு எதற்குத் தோள்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பட்டப்பகலில் ஜன்னல் திரையை இழுத்து மூடி, விளக்கைப் போட்டு வைத்திருந்தார். மேசையில் ஹாங்கர் கம்பியால் வளைத்த ஒரு தலை. முகம் இல்லை, காது இல்லை. மூன்று வளையமும் ஒரு மூக்கும்தான். ஆனால் மூக்கு அச்சொட்டாக என் மூக்கு! எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையில் அதைக் காட்டத் தவமண்ணையைக் கூட்டிக்கொண்டு போனால், தலை இல்லை. நிமிர்த்திய கம்பிகள் ஒரு கட்டாகக் குடைச் சாடிக்குள் நின்றன.

"பிரித்துவிட்டேன்" என்றார், பாத்திரம் கழுவிவிட்டேன் என்கிற மாதிரி.

எதைச் செய்தாலும் பொழுதுபடுவதற்குள் பிரித்துவிடுவார் என்று பிறகுதான் தெரிந்தது. "விசர் மனுசி. நிமித்திறதெண்டா ஏன் வளைக்கிறா?" என்று தவமண்ணை தலையில் அடித்துக்கொண்டார்.

அன்ரியின் கணவர் ஓர் ஆங்கிலேயச் சிப்பாய். போர் முடிந்து இங்கே கூட்டி வந்தவர், எப்போதோ இறந்துவிட்டார். அன்ரியைத் தேடி ஒரு மனிதர் வந்து நான் கண்டதில்லை. என்னைத் தேடியும் யாரும் வருவதில்லை. மனைவி யாழ்ப்பாணத்தில்; அவள் எழுதும் கடிதம் வந்து சேர்வதற்குள் அதில் உள்ள செய்தியெல்லாம் பழசாகிவிடும். அகதிக் கேஸ் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் இருக்கிற தனிமை தாங்க முடியாதது. அதனால்தான் ஹாங்கரைக் காணோம் என்ற சாட்டில் அடிக்கடி கீழே இறங்கினேன். சில நாள் காணாமல் போகாத ஹாங்கரையும் தேடினேன்.

பெர்லினில் நாட்டிய அரங்குகளுக்கு உடுப்பு வடிவமைத்தவர் அன்ரி. மனிதரை வட்டமும் கூம்புமாக ஆடவிடுகிற புதுப்பாணி. சிலையும் செய்வார். பிறகு சர்வாதிகாரி வந்தான். அவன் பெயரை அன்ரி சொல்லமாட்டார், 'மீசை' என்பார். மீசைக்குச் சிலை என்றால் தசை வேண்டும், கையில் வாள் வேண்டும். அன்ரியின் வேலையைத் தடை செய்துவிட்டார்கள். பகலில் அரங்கத்துக்கு ஜாலர் வைத்த பாவாடை தைத்துவிட்டு, வீட்டில் திரையை மூடிக்கொண்டு தன் வேலையைச் செய்தாராம். களிமண் காய்ந்தால் ஒளிக்க முடியாது, கம்பியை நொடியில் நிமிர்த்திவிடலாம்.

ஒரு மத்தியானம் தவமண்ணையைப் பிடித்து நிறுத்தி நூலால் அளந்தார். அடுத்த ஞாயிறு ஏழு கம்பி வளையங்களால் ஆன ஒரு பாவாடையை அவருக்கு மாட்டி, தலையில் தகரக் கூம்பையும் கவிழ்த்தார். ஆட இடம் போதாதென்று வாசல் நடைக்குக் கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

ஊரில் ஆமி வரும்போது மூச்சடக்கிப் பழகிய உடம்பு, படிக்குக் கீழே தானாகவே பதுங்கியது. அங்கே எனக்கு முன்னாலேயே அன்ரி பதுங்கியிருந்தார்.

"தம்பி, எனக்கு இருக்கவும் ஏலாது, ஒளிக்கவும் ஏலாது!" என்று தவமண்ணை அழுவார் போல் நின்றார்.

"சத்தம் போடாதேங்கோ அண்ணை!"

கதவில் கடிதம் போடும் துவாரம் திறந்தது. இரண்டு கண்கள் தவமண்ணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தன. "காஸ் மீட்டர் பார்க்க வந்தேன். பரவாயில்லை, இன்னொரு நாள் வருகிறேன்" என்றது குரல். துவாரம் மெதுவாக மூடியது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்ரி சிரிக்கவில்லை. தவமண்ணையின் உடம்பில் இருந்தபடியே வளையங்களை நிமிர்த்தத் தொடங்கியிருந்தார்.

அன்றுதான் சொன்னார். இதே உடுப்பைப் போட்டு, மூடிய அறையில், ஏழு பேருக்கு முன்னால் அவருடைய சிநேகிதி ஒருத்தி ஆடினாளாம். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவளுடைய கைப்பையில் அன்ரி வரைந்த படம் ஒன்று இருந்தது. கொண்டுபோனவர்கள் அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

"அந்தத் தாளை நான் கிழித்திருக்க வேண்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் செய்த எதுவும் அடுத்த நாளைக் கண்டதில்லை.

"இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம் அன்ரி. ஒண்டையாவது விடுங்கோ."

"நீ ஏன் படிக்குக் கீழே ஒளித்தாய்?"

நான் குனிந்து, நிமிர்த்திய கம்பிகளைப் பொறுக்கினேன்.

"உன் கேஸ் முடிவுக் கடிதம் வரட்டும். பிறகு எனக்குப் புத்தி சொல்."

கடிதம் வர வருடங்கள் ஆயின. எனக்கு வதிவிட அனுமதி, மனைவியையும் கூப்பிடலாம். அதைத் தூக்கிக்கொண்டு முதலில் கீழேதான் ஓடினேன். அன்ரி பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாக இரண்டு தரம் வாசித்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"இனி மணி அடித்தால்?"

"போய்த் திறப்பன்."

"பயமில்லாமல்?"

"ஓம்" என்றேன். பச்சைப் பொய்.

அன்று முழுக்க அவர் அறையிலிருந்து கம்பி வளைகிற சத்தம் கேட்டது. மறுநாள் காலை இறங்கிப் போனேன். ஜன்னல் திரை அகலத் திறந்திருந்தது. தெருவைப் பார்த்தபடி ஏழு வளையப் பாவாடையோடு ஒரு கம்பிப் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். எதிரே கதிரையில் கோட்டும் தொப்பியுமாக அன்ரி. கண் சிவந்திருந்தது.

"காவல் இருந்தனீங்களோ?"

"இல்லை. பழகுகிறேன்."

மணி அடித்தது. அன்ரி என்னைப் பார்த்தார். நானே போய்த் திறந்தேன். அதே மீட்டர்க்காரர். உள்ளே தலையை நீட்டி, "அந்தப் பாவாடைக்காரர் இருக்கிறாரா?" என்று கேட்ட பிறகே காலை வைத்தார். அன்ரி அன்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதுவரை நான் கேட்டதேயில்லை.

தொண்ணூறுகளில் அன்ரி போய்விட்டார். கம்பிப் பெண் இப்போது லண்டனின் மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டு ஜன்னலில் நிற்கிறாள். திரை போடுவோம் என்று மனைவி சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டாள்.

என் அலமாரியில் இன்று ஹாங்கர்கள் ஒன்றும் குறையாமல் தொங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து எண்ணிப் பார்க்கிறேன். ஒன்றாவது குறைந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.