கடலுக்குப் போன கார்

"இந்தக் கீச் சத்தம் மட்டும் நின்னுடட்டும், நெவென்கா. காலையில கிளம்பிடலாம்."

குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்தது வின்கோவின் இரண்டு கால்கள்தான். கல்யாணமான நாளிலிருந்து நெவென்கா அந்தக் கால்களோடு பேசித்தான் குடும்பம் நடத்தி வருகிறாள்.

"போன வருஷம் கிளட்ச். அதுக்கு முந்தின வருஷம் ரேடியேட்டர். தேனிலவுக்குப் பார்த்த கடல், வின்கோ! இன்னொரு தடவை கண்ணுல காட்டலை நீ. வண்டி ஓடுதா, இல்லையா?"

"ஓடுது. ஆனா கீச்சுங்குதே."

"நானும்தான் வருஷக்கணக்கா கத்தறேன். என்னை என்னன்னு கேட்டியா? நான் காலையில கிளம்பறேன். சனிக்கிழமை நம்ம கல்யாண நாள். அதுக்குள்ள வந்து சேரு. இல்லேன்னா நான் அங்கேயே இருந்துக்கறேன், நீ இந்தக் காரைக் கட்டிக்கிட்டு அழு."

வின்கோ விசிறி பெல்ட்டை நன்றாக இறுக்கினான். சத்தம் நின்றது. எல்லாப் பெண்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தான். கனவில் கார் ஒரு படகைப்போல நீலத் தண்ணீரில் மிதந்து போயிற்று. அந்தச் சுகத்தில் வெயில் ஏறும்வரை தூங்கிவிட்டான்.

எழுந்தபோது நெவென்கா இல்லை, பெட்டியும் இல்லை. விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டாள்! அவள் இதுவரை சொன்னதைச் செய்யாமல் இருந்ததே இல்லை.

இறங்கி ஓடினான். கார் வழக்கமான இடத்தில் இல்லை, முற்றத்தின் கோடியில் லிண்டன் மரத்தடியில் நின்றது. அதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. காரை விட்டுவிட்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர்களையும் சேர்த்து அந்தக் குடியிருப்பில் பாதிப் பேரிடம் அதே சின்னக் கார், அதே பாலாடை நிறம். ஒருவர் சாவி எல்லாருடைய காரையும் திறக்கும். குப்பை லாரிக்கு வழி வேண்டுமென்றால் கையில் சாவி இருப்பவர் எதிரில் நிற்கும் காரை நகர்த்திவிட்டுப் போவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

லிண்டன் பூ கொட்டி, பிசின் வடிந்து, கார் முன்னும் பின்னும் நம்பர்கூடத் தெரியாமல் மஞ்சளாகக் கிடந்தது. வின்கோ உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

"ஐயோ, பெல்ட்டை ரொம்ப இறுக்கிட்டேனே!"

அந்த ஊரில் ஒருவன் இன்ஜின் மூடியைத் திறந்தால் போதும், அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். முதலில் வந்தவர் மாத்தோ, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் பிளம் சாராய பாட்டில், மறு கையில் இரண்டு குட்டிக் கிளாஸ்.

"பேட்டரி செத்துப்போச்சு தம்பி" என்றார், பார்க்காமலே.

"நேத்து சாயங்காலம் நல்லா இருந்துச்சே அண்ணே!"

"என் மச்சானும் நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்தான். காலையில போயிட்டான். இந்தா, நீ குடி."

மாத்தோவின் டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டினார்கள். மாட்டியதும் ஹாரன் அலறத் தொடங்கியது, நிற்கவேயில்லை. மாடிகளிலிருந்து வசவு வந்தது. வின்கோ பதறிப்போய் ஒரு கம்பியைப் பிடுங்கினான். ஹாரன் நின்றது, வைப்பர் ஆட ஆரம்பித்தது. இன்னொரு கம்பியைப் பிடுங்கினான். வைப்பர் நின்று, ஒரு முகவிளக்கு அணைந்து, எங்கிருந்தோ புகை வந்தது.

"இப்பத்தான் வழிக்கு வருது" என்றார் மாத்தோ.

மறுநாள் காற்று வடிகட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. பஞ்சு, பூ, நறுக்கிய செய்தித்தாள், ஐந்து குஞ்சு.

"ஒரே ராத்திரியிலயா?"

"இந்தக் காலத்து எலிங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றார் மாத்தோ.

எலிக்குஞ்சுகளை மரப்பொந்தில் வைத்து, மழை படாமல் குடையால் மூடலாம் என்று பின்சீட்டில் தேடினான். அவன் குடை இல்லை. திருட்டு வேறு! பழைய தொப்பியில் வைத்துக் குடியமர்த்தினான். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினான். மாட்டி முடித்தபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது, பெட்ரோலும் சொட்டியது. சொட்டலை நிறுத்தக் குழாயை இழுத்துக் கட்டினான். இழுத்ததில் விசிறி பெல்ட் காய்ந்த அப்பளமாக முறிந்து கையோடு வந்தது.

வின்கோ அப்படியே காருக்கு அடியில் படுத்துவிட்டான். தலைக்கு மேல் எண்ணெய்ச் சொட்டு திரண்டு, பளபளத்து, விழ மனமில்லாமல் தொங்கியது. அதில் அவனுக்குக் கடல் தெரிந்தது. கடலில் கழுத்தளவு நின்று, கூந்தலை உயரத் தூக்கிக் கட்டியிருந்த பழைய நெவென்காவும் தெரிந்தாள். இத்தனை வருஷம் அவளைத் தவிக்கவிட்டு ஒரு இரும்பு டப்பாவோடு கொஞ்சிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். சொட்டு நெற்றியில் விழுந்தது.

அவளுக்கு போன் செய்யவும் வெட்கம். கிளம்பிவிட்டேன் என்றால்தானே பேசலாம்?

"மாத்தோ அண்ணே, பெல்ட்டுக்கு என்ன பண்றது?"

"உன் வீட்டம்மா நைலான் காலுறை ஒண்ணுகூடவா விட்டுட்டுப் போகலை?"

அலமாரியில் ஒரு ஜோடி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுவது. இதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று எடுத்து வந்தான். முறுக்கி, முடிச்சுப் போட்டு, பெல்ட் இருந்த இடத்தில் மாட்டினான். சனிக்கிழமை விடிந்தபோது சாவியைத் திருப்பினான். கார் இருமியது, தும்மியது, ஒரு கறுப்பு மேகத்தைக் கக்கிவிட்டு, ஓடத் தொடங்கியது!

மாத்தோ அழுதுவிட்டார். ஆறு நாளும் குடித்ததில் அவருக்கு எது நடந்தாலும் அழுகை வரும் நிலைமை.

பின்பக்கம் இருக்கும் இன்ஜின் சூடாகாமலிருக்க அதன் மூடியைக் கட்டையால் முட்டுக் கொடுத்துத் திறந்துவைத்து, ஒற்றை விளக்கோடு, ஹாரன் இல்லாமல் வின்கோ புறப்பட்டான். சோளக்காடுகள் மெதுவாகப் பின்னே போயின. லாரிகள் திட்டிக்கொண்டு முந்தின, சைக்கிள்காரர்கள் கையசைத்துவிட்டு முந்தினார்கள். மலையேற்றத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. அதனோடு நெவென்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். கடைசி வளைவில் மேகம் இறங்கிக்கொண்டது, கீழே கடல் திறந்தது.

அவள் தங்கும் வீடு அவனுக்குத் தெரியும். தேனிலவுக்கு வந்த அதே கல்வீடு, அதே அத்திமரம். வீட்டுக்கார ஷிமே கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தி நிழலில் பாலாடை நிறத்தில் ஒரு சின்னக் கார் துடைத்த பளபளப்போடு நின்றது. நம்மைப்போல இன்னொரு பைத்தியக்காரன் என்று வின்கோவுக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்தது. அதன் பக்கத்திலேயே தன் காரை நிறுத்தினான்.

கீழே பாறைகளுக்கு நடுவே, கழுத்தளவு தண்ணீரில், கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நெவென்கா.

"நெவென்கா! வந்துட்டேன்! நானே சரி பண்ணினேன், நானே ஓட்டிக்கிட்டு வந்தேன்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவனை, பிறகு அவனுக்குப் பின்னால் நின்ற காரை. வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீரே ஆடியது. வின்கோவுக்குக் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டான்!

"பாவம், ஒரு வாரமா பஸ்ஸை நம்பியே இருந்திருப்பா" என்றான் கிழவரிடம்.

"பஸ்ஸா?" என்றார் ஷிமே கிழவர், அத்தி நிழலில் நின்ற காரைக் காட்டி. "திங்கக்கிழமையே அந்தம்மா உங்க காரைத் தானே ஓட்டிக்கிட்டு வந்து இங்க நிறுத்திட்டாங்களே... நீங்க யாரு காரைத் தம்பி எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க?"