எஸ்கோவின் நாற்பத்தொரு காபி டப்பாக்கள்

உயிரே போனாலும் சரி, தன் கொட்டகையிலிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகாது என்று எஸ்கோ சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், மூன்றாவது காபிக்கும் நான்காவது காபிக்கும் நடுவில்.

காரணம், கொட்டகை வாசலில் அவன் மனைவி இர்மெலி ஒரு காலி அட்டைப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு அந்தப் பெட்டி?"

"கலை முகாமுக்கு. நானும் சிர்க்காவும் போறோம்னு சொன்னேன்ல? ஏரிக்கரைப் பழைய பள்ளிக்கூடத்துல நாலு நாள். பெயின்ட், காகிதம், துணி, இரும்பு, எது கிடைச்சாலும் கலந்து ஒட்டிப் படம் பண்றது. ஆளுக்கு ஒரு பெட்டி பழைய சாமான் கொண்டு வரணுமாம்."

"பழைய சாமானா? இங்க ஏது?"

இர்மெலி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். வாசலிலிருந்து ஒரு முழம்வரைதான் பார்க்க முடிந்தது. அதற்கு மேல் கண் போகாது. எஸ்கோ முப்பத்தாறு வருஷம் நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பழுது பார்த்தவன். ஓய்வு பெற்றபோது அவன் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. ஊரில் உயிரை விட்ட குழாய்கள், வால்வுகள், வாஷர்கள் எல்லாம் கூடவே வந்துவிட்டன. அதுபோக ஓடாத படகு எஞ்சின் மூன்று. ஜோடியைத் தொலைத்த பனிச்சறுக்குக் கட்டை ஒன்பது. ஆணியும் ஸ்க்ரூவும் நட்டும் போல்ட்டும் நிரம்பிய காபி டப்பா நாற்பத்தொன்று. இதில் எதையாவது தூக்கிப் போடலாமா என்று யார் கேட்டாலும் எஸ்கோவிடம் ஒரே பதில்தான் உண்டு.

"தேவைப்படும்."

இர்மெலிக்குத் தேவைப்பட்டது பாதிக் கொட்டகை. அவள் படம் போடுவது சமையலறை மேஜையில். எங்கள் பின்லாந்தில் ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காபி ஓடும் என்பது தெரிந்ததுதான். ஒவ்வொரு தடவையும் அவள் வர்ணத்தை மூடி, தூரிகையைக் கழுவி, ஈரப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் சாத்த வேண்டும். "பாதி கொடு" என்று பதினோரு வருஷமாகக் கேட்டாள். "பார்க்கலாம்" என்று பதினோரு வருஷமாகச் சொன்னான். போன குளிர்காலத்தில் கேட்பதையும் விட்டுவிட்டாள். உட்கார்ந்து நீல நிறத்தில் ஒரு ஜோடித் திரைச்சீலை தைத்தாள்.

"எந்த ஜன்னலுக்கு?" என்று எஸ்கோ ஒரு நாள் கேட்டான்.

"ஒரு ஜன்னலுக்கு."

அவர்கள் வீட்டில் ஒரு விஷயத்துக்கு ஒரு கேள்விதான் வழக்கம். அதோடு விட்டுவிட்டான்.

இப்போது பெட்டியும் கையுமாக அவள் நிற்பதைப் பார்த்ததும் எஸ்கோவின் மூளை ஓடத் தொடங்கியது. இவளை உள்ளே விட்டால் தொலைந்தேன். ஒரு பெட்டி என்பாள், அடுத்த வருஷம் இரண்டு என்பாள். தடுத்தாலோ பேச்சு வளரும். பேசாமல் பெட்டியை நானே நிரப்பி, நானே தூக்கிக்கொண்டு போய், நாலு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்து, அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டால்?

"நானும் வர்றேன்" என்றான்.

"நீயா? கலைக்கா?"

"ஏன், எனக்குக் கலை வராதா?"

"வந்ததே இல்லையே. இடம் இருக்கான்னு கேட்கணும்."

கேட்டாள். ஆச்சரியம், ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்ததாம். எஸ்கோ தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு நான்காவது காபியை ஊற்றினான்.

பெட்டியை நிரப்ப மூன்று நாள் பிடித்தது. பிரிவைத் தாங்கக்கூடிய பொருள் எதுவும் அங்கே இல்லை. கடைசியில் ஒரு கீல், நாலு வாஷர், பித்தளைக் குழாய்த் திருகு ஒன்று, ஒரு பிடி வளைந்த ஆணி என்று தேறியது. வளைந்த ஆணியை வைக்கும்போது அவனுக்கு நெஞ்சு கனத்தது. நிமிர்த்தினால் நல்ல ஆணி.

முகாமை நடத்தியவள் மார்கெட்டா. ஐம்பது வயது, ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் பசை. முதல் நாளே ஒரே ஒரு சட்டத்தைச் சொன்னாள்.

"நடுவுல இருக்கிற மேஜை எல்லாருக்கும் பொது. மேஜைக்கு வந்த சாமான் வீட்டுக்குத் திரும்பிப் போகாது. யாரு வேணும்னாலும் எடுத்து ஒட்டலாம். செஞ்சு முடிச்ச படமும் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் இருக்கும்."

பெண்கள் ஆளாளுக்குப் பெட்டியை மேஜையில் கொட்டினார்கள். எஸ்கோ தன் பெட்டியை இரண்டு கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"எஸ்கோ, பெட்டிக்குள்ள என்ன, பூனைக்குட்டியா?" என்றாள் சிர்க்கா. இர்மெலியின் உயிர்த்தோழி. வாய் கொஞ்சம் நீளம்.

"என் சாமான்."

"நாங்க திருட மாட்டோம்பா."

"திருட வேண்டாம். பார்க்காம இருந்தா போதும்."

காலை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சும்மா இருப்பது என்பது குழாய்க்காரனுக்கு ஆகாத காரியம். மத்தியானம், யாரும் பார்க்காதபோது, எதிரிலிருந்த பலகையில் கீலை வைத்தான். பக்கத்தில் வாஷர்களைச் சரிவாக அடுக்கினான். ஒட்டவில்லை, சும்மா வைத்தான். கீழே அந்தப் பித்தளைத் திருகு. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்து வைத்ததுதான், வேறொன்றுமில்லை.

நிமிர்ந்தால் மார்கெட்டா நிற்கிறாள். பார்க்கிறாள். ஒரு காபி இறங்கும் நேரம் அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள்:

"மோசமில்ல."

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு சாதாரண வார்த்தையாகப் படலாம். எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. எஸ்கோ பத்தொன்பது வயதில் தனியாக ஒரு படகு கட்டினான். அப்பா அதை மூன்று தடவை சுற்றி வந்து "மிதக்குமா?" என்று கேட்டார். முப்பத்தாறு வருஷ வேலைக்குப் பிறகு நகராட்சி அதிகாரி ஒரு கடிகாரத்தைக் கையில் கொடுத்து, "ஓடுது" என்று மட்டும் சொன்னார். அறுபத்தாறு வயதுவரை ஒரு மனிதனைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்றால், முதல் வார்த்தை விழும் இடம் ரொம்ப ஆழமாகத்தான் இருக்கும். எஸ்கோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காது இரண்டும் சிவந்தன.

"ஆனா," என்றாள் மார்கெட்டா, தலையைச் சாய்த்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் கனம் போதலை."

அன்று சாயந்திரத்துக்குள் பெட்டி காலி. வளைந்த ஆணிகள்கூடப் பசையிலும் சுண்ணாம்பிலும் புதைந்தன.

மறுநாள் காலையில் எஸ்கோ காரில் ஏறினான். இர்மெலி பதறிப்போய் ஓடி வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்கு. டிரெய்லரை மாட்டிட்டு வர்றேன். கனம் போதலையாம்."

"சரி, ரெண்டு குழாய் எடுத்துட்டு வா. எஞ்சினைத் தொடாத."

"ஏன் தொடக்கூடாது?"

"தேவைப்படும்."

"முப்பது வருஷமா ஓடாத எஞ்சின் எதுக்கு இர்மெலி தேவைப்படும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே சொல்லுவ!"

"அது அப்போ. ஒரு பொருளைப் பூட்டி வெச்சுக்கிட்டு என்ன செய்யறது? உனக்கு இதெல்லாம் புரியாது. இது கலை."

"ஐயோ, அந்தப் பனிச்சறுக்குக் கட்டையாவது இருக்கட்டும் எஸ்கோ. நீ ஆசையாச் சேர்த்தது."

"ஒத்தைக் கட்டையில நான் என்ன நொண்டியடிச்சா போகப் போறேன்?"

இர்மெலி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பிப் போனது. அவள் தலையில் வைத்த கையை எடுக்கவே இல்லை, அந்த வண்டி திருப்பத்தில் மறையும்வரை.

அன்று மூன்று நடை. பலகை போதாமல் போய்விட்டது. மார்கெட்டா அவனுக்கு உடற்பயிற்சிக் கூடத்தின் நீளச் சுவரையே கொடுத்தாள். குழாய்கள் வலது கோடியில் தொடங்கி, வளைந்து, பிரிந்து, எஞ்சின்களைச் சுற்றிக்கொண்டு இடது கோடிக்கு ஓடின. நடுவே பெண்கள் நீலமும் வெள்ளையுமாகக் காகிதம் ஒட்டினார்கள். எஸ்கோ மிஞ்சிய இரும்பையெல்லாம் பொது மேஜையில் தாராளமாகக் கொட்டினான். "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்று கல்யாண வீட்டுக்காரன் மாதிரி உபசாரம் வேறு. மார்கெட்டா அவ்வப்போது வந்து நிற்பாள். பார்ப்பாள். பிறகு, "மேல கொஞ்சம் கனம்…" என்பாள். எஸ்கோ சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவான்.

சாயந்திரம் பெண்கள் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் குளித்துவிட்டு வந்ததும் ஆண்களின் முறை. ஆண்கள் என்றால் எஸ்கோவும், சிர்க்காவின் கணவன் ஓலவியும். முகாமுக்கு விறகு பிளந்து சவுனாவைச் சூடாக்குவது ஓலவியின் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனும் இதே முகாமில் உட்கார்ந்தவன்தான். அவன் செய்த படம், எண்பது பழைய ரேடியோவால் ஆனது, தாழ்வாரத்தில் தொங்குகிறது.

"மார்கெட்டா என்ன சொன்னா தெரியுமாடா?" என்றான் எஸ்கோ, வியர்வை வழிய.

"மோசமில்லன்னு சொன்னாளா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஓலவி சூடான கற்களின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான். நீராவி இருவரையும் மூடியது. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"கொட்டகையில இன்னும் எவ்வளவுடா பாக்கி இருக்கு?"

"டப்பாக்கள் மட்டும்தான். ஏன் கேட்கற?"

"சும்மாதான். எங்க பரணும் ஒரு காலத்துல நிறைஞ்சுதான் இருந்தது. இப்ப சிர்க்கா அங்க தறி போட்டு நெய்யறா. நல்ல வெளிச்சம்."

பொறாமை, என்று எஸ்கோ நினைத்துக்கொண்டான். பாவம், ரேடியோவில் என்ன கனம் இருக்கும்?

மூன்றாம் நாள் நாற்பத்தொரு காபி டப்பாக்களும் வந்து இறங்கின. இர்மெலி ஒரு டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒண்ணாவது இருக்கட்டும் எஸ்கோ. வீடுன்னா ஒரு ஸ்க்ரூ வேண்டாமா?"

"கொடு இங்க."

"மாட்டேன்."

"இர்மெலி, எல்லாத்தையும் இப்படிச் சேர்த்துச் சேர்த்து வெச்சா வீடு என்னத்துக்கு ஆகும்?"

இதைச் சொன்னவன் எஸ்கோ. சிர்க்கா அவசரமாக முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே போனாள். பசையின் நெடி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எஸ்கோ டப்பாவைப் பிடுங்கி மற்றவற்றோடு வைத்துவிட்டு ஏணியில் ஏறினான். இர்மெலி கீழிருந்து டப்பா டப்பாவாக எடுத்துக் கொடுக்க, அவன் சுவரில் அருவி மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தான்.

நான்காம் நாள் ஊர் திரண்டு வந்தது. காபியும் ஏலக்காய் பன்னும் கொடுத்தால் எங்கள் ஊர் எதற்கும் திரளும். எல்லாரும் கோப்பையோடு சுவரின் முன்னால் நின்றார்கள். நகராட்சி அதிகாரியும் வந்திருந்தார். அதே கடிகாரக்காரர். நீளமாகப் பார்த்தார்.

"இது வடக்குத் தெரு வால்வு இல்ல?"

"ஆமா. தொண்ணூத்தி மூணுல மாத்தினேன்."

"ம்ம்," என்றார். பன்னைக் கடித்தார். "மோசமில்ல."

எஸ்கோ ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்க்கிற மாதிரி நின்றான். வாழ்நாளெல்லாம் மண்ணுக்கடியில் வேலை பார்த்தவனுடைய வேலையை முதல்முறையாக ஊர் கண்ணால் பார்க்கிறது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றால் நிஜமான சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் காலி டிரெய்லரை நிறுத்தக் கொட்டகைக் கதவைத் திறந்தான்.

"இர்மெலி!" என்று கூப்பிட்டான். கொட்டகையும் "இர்மெலி!" என்றது. அங்கே எதிரொலி கேட்பது அதுதான் முதல் தடவை. எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. கொட்டகையைக் கட்டியவன் அவன்தான். ஜன்னல் வைத்தது அவனுக்கே மறந்துபோயிருந்தது. சாயந்திர வெயில் அதன் வழியாக வந்து தரையில் சதுரமாக விழுந்திருந்தது.

இர்மெலி உள்ளே வந்தாள். கையில் ஒரு கம்பி, நீலத் திரைச்சீலை, தோளில் கம்பளி நூல் பை. நேராகப் போய்த் திரையை ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். விரல் அளவு கூடவில்லை, குறையவில்லை.

எஸ்கோ திரையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"இது குளிர்காலத்துல தைச்சதுதானே?"

"ஆமா."

"உள்ளே வரவே வழியில்லையே. அளவு எப்படி எடுத்த?"

"வெளியிலேர்ந்து. வெளிப்பக்கம் நீ எதையும் அடுக்கி வைக்கலையே."

"அப்போ அந்த மார்கெட்டா…"

"'கனம் போதலை'ன்னு மட்டும் நான் சொல்லச் சொன்னேன்."

எஸ்கோவின் முகம் தொங்கிப்போனது. "மோசமில்லன்னு சொன்னது?"

"அது அவளாச் சொன்னது. நான் சொல்லச் சொல்லலை. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

கோபப்பட வேண்டும் என்று எஸ்கோவுக்குத் தெரிந்தது. முயற்சியும் செய்தான். வரவில்லை. ஊர் முழுக்கப் பார்த்த சுவர் கண்முன்னால் வந்து வந்து நின்றது.

"மேஜை எங்க வரும்?" என்று கேட்டான்.

"ஜன்னலுக்குக் கீழ என்னுது. பக்கத்துல உன்னுது. முதல்ல கம்பியை மாட்டு."

ஸ்டூலில் ஏறினான். கம்பியை அளந்து பிடித்தான். வலது கை பழக்கத்தில் தானாக இடது அலமாரிக்கு, மூன்றாவது டப்பாவுக்குப் போனது. டப்பா இல்லை. அலமாரியே இல்லை, அதுவும் பள்ளிக்கூடச் சுவரில்தான் இருந்தது.

"இர்மெலி, ரெண்டு ஸ்க்ரூ வேணுமே! இந்த வீட்டுல இப்ப ஒரு ஸ்க்ரூகூட இல்லையே!"

இர்மெலி நூல் பைக்குள் கையை விட்டு ஒரு காபி டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே ஸ்க்ரூக்கள் கலகலத்தன.

"இது எப்படி? நாற்பத்தொண்ணையும் நான் ஒட்டிட்டேனே!"

"நாற்பதுதான் ஒட்டின. நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

"இதை எதுக்கு எடுத்து வெச்ச?"

"தேவைப்படும்" என்றாள் இர்மெலி.