பெங்களூர் பிரபாகர் பாடிய பாட்டு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஜோஸ்வின் ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். இனிமேல் மனைவியின் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்ற வார்த்தையை வாங்குவதில்லை. உண்மையை வாங்கியே தீருவது.

சில்வியா பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அவளிடம் ஒரு 'நல்லா இருக்குங்க' உண்டு. எல்லாவற்றுக்கும் அதே ஒன்றுதான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன்னால் நின்றால், நல்லா இருக்குங்க. ஃபாதர் பிரசங்கத்தை இழு இழு என்று இழுத்தாலும், நல்லா இருந்துச்சுங்க. நாத்தனார் வீட்டு உப்பில்லாத குழம்புக்கும் அதேதான். அந்தக் குழம்போடு தன்னுடைய பாட்டையும் சேர்த்துவிட்டாளே என்பதுதான் ஜோஸ்வினுக்கு வயிற்றெரிச்சல்.

ஜோஸ்வினுக்குப் பொம்மிடியில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் கிதார். அங்கே எல்லாம் சாந்தமான பாட்டு, அதிர்ந்து ஒரு கம்பியைத் தட்ட முடியாது. வாரம் முழுக்க செம்புக் கம்பி, ஞாயிறு முழுக்க சாந்தம் என்று இருந்தால் மனுசன் எங்கேதான் வெடிப்பான்? வீட்டுப் பின்னால் வெடித்தான். 'எரிமலை' என்று ஒரு ராக் பாட்டு. சொந்த வரிகள், சொந்த மெட்டு, சொந்தத் தொண்டை.

அதைப் பதிவு செய்ய அவன் பிடித்துக்கொண்ட இடம்தான் கொஞ்சம் வில்லங்கம். அது சில்வியா பட்டுப்புழு வளர்க்கும் ரூம். அவளுடைய மல்பெரித் தோட்டத்தை ஒட்டி, கெட்டிச் சுவரும் வலை போட்ட ஜன்னலுமாக நிற்கிறது. போன கோடையில் வெயில் தாங்காது என்று அவள் புழு வைக்காமல் விட்டாள். "ரெண்டே வாரம் குடு சில்வியா" என்று வாங்கினான். கோடை போய், மழை போய், பனியும் போய்விட்டது. புழுக்கள் கூடு கட்டுவதற்கான சந்திரிகை என்னும் மூங்கில் தட்டிகள், எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் தொங்கின. தழை போடும் அடுக்கில் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

அவள் எப்போதாவது, "புழு வெக்கணுங்க" என்பாள்.

"பாட்டு முடியட்டும்" என்பான் இவன்.

பாட்டு எப்படி முடியும்? என்ன குறை என்று ஒருத்தராவது சொன்னால்தானே? பாடகர் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. குழுத் தலைவர் பெரியநாயகம், "ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்று எழுதினார். அவர் துக்கச் செய்திக்கும் அதையேதான் எழுதுவார். பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொன்னார்: "சத்தம் நல்லா வருது தம்பி. நேத்து எங்க மாடு மேயறத நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்துச்சு."

ஆக, மிச்சம் இருந்தது சில்வியா. அவளிடம் உண்மையை வாங்க ஜோஸ்வின் கண்டுபிடித்த தந்திரம் எளிமையானது. பாட்டு தன்னுடையது இல்லை, வேறு யாரோ பாடியது என்று சொல்லிவிடுவது. முன்பே போட்டுக் காட்டிய பாட்டாயிற்றே, அடையாளம் தெரிந்துவிடாதா? தெரியாது. காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே தெரியும்? இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக, கம்ப்யூட்டரில் தன் குரலைக் கொஞ்சம் கட்டையாக்கினான். பெற்ற ஆத்தாளே கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

சாயங்காலம் சில்வியா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். 

"சில்வியா, ஒரு பாட்டு கேக்கறியா?"

"நல்லா இருக்குங்க."

"இன்னும் போடவே இல்ல. இது என்னுது இல்ல. பெங்களூர்ல பிரபாகர்னு ஒருத்தரு. கடைக்கு மோட்டார் கொண்டாந்தவங்களுக்குச் சொந்தம். குறை நிறை சொல்லுங்கன்னு அனுப்பியிருக்காரு."

சில்வியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு மொச்சையைப் பார்த்தாள். "அப்படிங்களா? போடுங்க. அவரு நம்ம வூட்டு மனுசரு இல்லீல்ல, தைரியமா சொல்லலாம்."

ஜோஸ்வினுக்குப் புல்லரித்தது. போட்டான். கிதார் அலறியது. 'எரிமலை நான்... எட்டப் போ!' என்று பிரபாகர் உறுமினார். 

"யாருங்க இவரு, இப்படிக் கத்தறாரு? வயித்து வலிங்களா?"

சுருக்கென்றது. ஆனாலும் உண்மையல்லவா! "அது கத்தறது இல்ல சில்வியா. உணர்ச்சி."

"எரிமலைங்கறாரு. எட்டப் போங்கறாரு. எல்லாரும் எட்டப் போயிட்டா அப்புறம் பாட்டை யாருங்க கேக்கறது?"

"அதுக்கு உள்ள ஒரு அர்த்தம் இருக்கு."

"உள்ளயே இருக்கட்டும். அந்த டிரம்ஸ் எதுக்குங்க, தகரக் கூரையில ஆலங்கட்டி விழுந்தாப்ல? பாடறவரையே அமுக்கிருது."

"கொறைக்கச் சொல்றேன். வேற?"

"ரொம்ப நீளம். நான் பாதி மொச்சை உரிச்சுட்டேன், இவரு இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருக்காரு."

ஜோஸ்வின் போனின் சத்தத்தைக் குறைத்தான். "நல்லதுன்னு சொல்ல ஒண்ணுமே இல்லியா?"

சில்வியா கையை நிறுத்தி யோசித்தாள். "இருக்குங்க. ஆரம்பத்துல, டமடமன்னு தட்டறதுக்கு முன்னாடி, கம்பிய முறுக்கிக்கிட்டே சும்மா ஒரு முனகல் முனகறாரு பாருங்க. அதுதாங்க பாட்டு. அதக் கேட்டா, மனுசன் நல்லவருன்னு தெரியுது."

அது அவன் சுருதி சேர்க்கும்போது தன்னை அறியாமல் முனகியது. வெட்டிவிட மறந்த இடம். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் பாட்டைப் பற்றி இப்படி ஒரு சொல்லை ஜோஸ்வின் கேட்டதில்லை. அப்போதே போனை அணைத்துவிட்டு எழுந்து போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஆசை யாரை விட்டது?

"இன்னும் ஏதாச்சும் சொல்லு. அவர்கிட்டச் சொல்லணும்."

"அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

இதை ஜோஸ்வின் எதிர்பார்க்கவில்லை. "ஆயி... ஆயிருச்சு."

"எங்கிங்க ரெக்கார்ட் பண்றாரு?"

"வூட்லதான். ஒரு ரூம்ல."

"பெங்களூர்ல பாட்டுக்குன்னு தனி ரூமா? அதுல முன்னாடி என்னங்க இருந்துச்சு?"

"அது... அவரு சம்சாரம் தையல் மெசின் வெச்சிருந்துச்சு."

"இப்ப மெசின் எங்கிங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"அட கடவுளே!" சில்வியா முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ள தைச்சு நாலு காசு பாத்துக்கிட்டு இருந்திருக்கும். அத மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, இவரு உள்ள உக்காந்துக்கிட்டு எட்டப் போ எட்டப் போங்கறாரா? நீங்களே சொல்லுங்க, நியாயங்களா?"

"பாட்டு முடிஞ்சதும் குடுத்துருவாரு."

"எப்ப முடியுமாம்?"

"அது கலை. கலைக்கு நேரம் காலம் உண்டா?"

"கலைக்கு இல்லீங்க. பொண்டாட்டிக்கு உண்டில்லீங்களா? நீங்க அவரு எடத்துல இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

ஜோஸ்வின் வாயைத் திறந்தான். ஆமாம் என்றால் அயோக்கியன். இல்லை என்றால் பொய்யன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "பண்ண மாட்டேன்" என்றான் மெதுவாக.

"எனக்குத் தெரியும். நீங்க அப்படிப்பட்டவரு இல்ல. அதனால நீங்க சொன்னா அவரு கேப்பாரு. ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க."

"அனுப்பறேன். அப்புறமா."

"இப்பவே அனுப்புங்க. பாவங்க அந்தப் புள்ள."

அவள் எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள். இல்லாத பிரபாகருக்கு எந்த நம்பரில் அனுப்புவது? தனக்கே அனுப்பிக்கொள்ளலாம் என்று ஜோஸ்வின் வாட்ஸ்அப்பைத் திறந்தான். அவசரத்தில் எது என்று பார்க்கவில்லை. மேலே இருந்த பெயரைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"தம்பி பிரபாகர்... பாட்டு பரவால்ல. டிரம்ஸைக் கொற. அப்புறம்... அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துரு தம்பி."

"ஏன்னு சொல்லுங்க" என்று சில்வியா வாயசைத்தாள்.

"பாட்டை வாசல்ல உக்காந்துகூடப் பாடலாம். பொண்டாட்டி பொழப்பைக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டுப் பாடற பாட்டு எதுவும் வெளங்காது. நாளைக்கே குடுத்துரு."

விரலை எடுத்தான். மெசேஜ் பறந்தது. உடனே வீட்டுக்குள் சார்ஜில் கிடந்த சில்வியாவின் போன் 'டிங்' என்றது.

ஜோஸ்வின் போனைப் பார்த்தான். அனுப்பியது, சில்வியாவும் இருக்கும் பாடகர் குழுவின் குரூப்புக்கு. அழிக்கலாம் என்று விரலை வைப்பதற்குள் பெரியநாயகம் கேட்டுவிட்டார். "மிக அருமையான அறிவுரை தம்பி! நம்ம பங்குக் கோயில் இளைஞர்கள் எல்லாரும் கேக்க வேண்டியது." அதன் பின்னால் கைதட்டல்கள், இதயங்கள், அழுகிற முகங்கள். குழுவில் பாடும் பிளசி, "அண்ணா, இதை என் வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன்" என்று எழுதியிருந்தாள். 'எரிமலை'க்குக் கை மட்டும் கூப்பிய அதே ஆட்கள்தான். கடைசியில் ஃபாதர் எழுதினார்: "ஜோஸ்வின், அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இதைப் பற்றி எல்லார் முன்னாலும் நீங்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும்."

பாட்டு போட்ட மனுசனுக்குக் கருத்து வேண்டும் என்று ஆசை. கிடைத்துவிட்டது, ஆனால் பாட்டுக்கு இல்லை.

ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் வீட்டு ரூமைப் பிடித்துவைத்துக்கொண்டு கோயிலில் எப்படி எழுந்து நிற்பான்? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கை கழுவும்போது, யாரும் கேட்காமலே, "நாளைக்குப் புழு ரூமைக் காலி பண்ணிடலாம்னு பாக்கறேன்" என்றான்.

"உங்களுக்கு ஏங்க சிரமம்?" என்றாள் சில்வியா.

காலையில் அவன் சந்திரிகைகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மாரப்பன் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்து நின்றார்.

"என்னண்ணே, அதுக்குள்ள?"

"சுண்ணாம்பு அடிக்கத்தான் தம்பி. திங்கக்கெழம ரூம் காலியாயிரும், வந்துருங்கண்ணேன்னு சில்வியா போன வாரமே சொல்லிருச்சே. புழுவுக்குக்கூடச் சொல்லி வெச்சாச்சாமே?"

போன வாரம் பிரபாகரே பிறக்கவில்லை. ஜோஸ்வின் கையில் இருந்த தட்டியைச் சுவரில் சாய்த்தான். தோட்டத்தில் களை அறுத்துக்கொண்டிருந்த சில்வியாவிடம் போனான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எதுங்க?"

"பிரபாகரு."

"ஓ, அவருங்களா? பாட்டு நடுவுல ஒரு மணி அடிச்சுது பாருங்க. நம்ம கோயில்ல மத்தியான மணி அடிக்குமே, கீறல் விழுந்த மணி, அதே மாதிரி. பெங்களூர்லயும் ஒரு மணி ஒடஞ்சிருக்கு போலன்னு நெனச்சேன். இந்தத் திங்கக்கெழம ரூமை வாங்கியே ஆகணும்னு போன வாரமே முடிவு பண்ணிட்டேன், எப்படிக் கேக்கறதுன்னு இருந்தப்பத்தான் உங்க பிரபாகரு வந்தாரு." அரிவாளைக் கீழே வைத்தாள். "உங்க பாட்டை நான் எப்பங்க கேக்காம இருந்தேன்? சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு தெனமும் களை எடுக்கறது யாரு? அந்த முனகலத்தான் நான் முன்னாடியே கேட்டுட்டு இருந்தேன். அதுக்கு மேல நீங்க தகரத்தக் கொட்டுனீங்க."

ஜோஸ்வினுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மல்பெரிச் செடி நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

இளம்புழுக்கள் வந்து இறங்கின. சுண்ணாம்பு மணக்கும் ரூமில் சில்வியா தழை பரப்பினாள். ஜோஸ்வின் வாசலில் உட்கார்ந்து பாட்டைத் திருத்தினான். டிரம்ஸ் போயிற்று. எரிமலையும் போயிற்று. அந்த முனகலை வளர்த்து, அதற்கேற்ற கொஞ்சம் வார்த்தைகளைப் போட்டு, கிதாரை லேசாகத் தொட்டு முடித்தான். கீறல் மணியை மட்டும் எடுக்காமல் விட்டுவைத்தான். இந்த முறை தந்திரம் எதுவும் இல்லை. நேராக ரூம் வாசலுக்குப் போய் நின்று, "என் பாட்டு. நானே பாடினது" என்று சொல்லிவிட்டுப் போட்டான்.

பாட்டு ஓடியது. புழுக்கள் தழை தின்னும் சரசரப்பும் அதோடு சேர்ந்து கேட்டது. சில்வியா கடைசிவரை அசையாமல் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அதே உப்பில்லாத குழம்புக் குரல். ஜோஸ்வின் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். "பிரபாகர் பாடினதுன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லேன்."

சில்வியா காலிக் கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள். "அவர்கிட்டச் சொல்லுங்க, இன்னும் ஒரு கூடை தழை வெட்டிக்கிட்டு வந்தார்னா விவரமாச் சொல்றேன்."

ஜோஸ்வின் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினான். பிரபாகருக்குத்தான் அவனை விட்டால் வேறு ஆள் யார் இருக்கிறார்கள்?