கேட்காமல் வர வேண்டிய திவிஸி

மொழி இதழின் ஆசிரியரும், என் தங்கை ஃபெரூஜாவைக் கைப்பிடித்தவருமான மாப்பிள்ளை லஹ்லூ அவர்களுக்கு, கபிலிய மலையிலிருந்து மெஸியான் எழுதுவது. தங்கையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இறைவன் அருளட்டும். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டு மருந்துக்கடை ஹம்மூவின் கட்டுரையை அச்சடித்தவர் சுகமாகத்தான் இருப்பார்.

ஹம்மூமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் என் மைக்கூட்டைக் கவிழ்த்ததையும், என் கல்யாண ஊர்வலத்துக்கு நடுவே தன் வீட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டதையும் நான் எப்போதோ மறந்துவிட்டேன். என் சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. ஊரே கூடி ஒருவன் வேலையைக் கூலி வாங்காமல் முடித்துக் கொடுப்பதை நாம் திவிஸி என்கிறோம். ரிஃப் மலையிலும் நகரங்களிலும் அதுவே துவிஸா. நம் மொழியின் இன்னொரு கிளையைப் பேசும் சூஸ் மலைக்காரர்களிடம் ‘அவ்ஸ்’ என்றால் உதவு. அதிலிருந்து பிறந்ததுதான் நம் சொல்லும், ஆகவே திவிஸி என்பது கொடை என்று நான் எழுதினேன். ஹம்மூ என்ன எழுதினான்? பாலைவனத்துத் துவாரெக்குகள் தலைவனுக்குக் கட்டும் வரிக்கு ‘திவ்ஸே’ என்று பெயராம், அதுதான் வேராம், ஆகவே திவிஸி என்பது தீர்த்தே ஆகவேண்டிய கடனாம். தலைவலி மாத்திரை விற்றவனுக்கு வேர்ச்சொல்! அதை நீங்கள் முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

நான் எழுதுகிறபடி வாழ்கிறவன். வராவிட்டால் அபராதம் என்று சொல்லி ஊர்ச் சபை கூப்பிட்ட எந்த வேலைக்கும் நான் போனதில்லை. கட்டாயம் என்று வந்துவிட்டால் அது திவிஸியே அல்ல என்று சபையில் எழுந்து சொல்லி, அபராதத்தைக் கட்டி, ரசீதும் கேட்டேன். சிரித்தார்கள். இந்த வருடம் பாருங்கள், ஆலிவ் மரங்கள் கிளை ஒடியக் காய்த்திருக்கின்றன. மகன்கள் இருவரும் கடல் தாண்டி மார்சே நகரத்தில் வேலையில். எண்ணெய்ச் செக்கில் எங்கள் முறை இந்த வாரம். தவறினால் பழம் அழுகும், வருடம் முழுக்கக் கடை எண்ணெய்தான். வழக்கப்படி நான் சபைக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் என் கட்டுரை என்ன ஆவது? ஆகவே மரத்தடியில் பாய் விரித்து, காபி வைத்துக்கொண்டு, கொடை தானாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஹம்மூதான் வந்தான்.

“என்ன மெஸியான், மரத்துக்குக் காவலா?”

“காத்திருக்கேன்.”

“ஒரு வார்த்தை கேளு. நாளைக்கே ஆளுங்களோட வர்றோம்.”

“கேட்டு வாங்கினா அது கொடை இல்லப்பா.”

“அப்ப சரி. பழத்துக்கும் சொல்லி வை, கேக்காமலே கூடைக்குள்ள வந்து விழட்டும்.”

மறுநாள் பழம் கொத்தச் சூறைக்குருவிகள் வந்தன. அவை மட்டும் கேட்காமல் வந்தன. அவற்றை விரட்ட நான் கூச்சல் போட, அவை அதைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு கூட்டத்தை அழைத்துவர, நானே ஏணி வைத்து ஏற, ஏணி ஒரு பக்கம் சரிய, நான் கிளையைப் பிடித்தும் கிளை என்னைப் பிடிக்காமல் விட, நேராகக் காபிப் பாத்திரத்தின்மேல் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தைப் பற்றி இதழில் எழுத முடியாது. என் மனைவி ஜெஜிகா கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போதும் வாய் ஓயவில்லை.

“உங்க கட்டுரையப் பிழிஞ்சா எண்ணெய் வருமா? வாயத் தொறந்து கேட்டா என்ன, பல்லா கொட்டிடும்?”

“எனக்குக் கொள்கை இருக்கு ஜெஜிகா.”

“எனக்கு அடுப்பு இருக்கு.”

மாப்பிள்ளை, இன்று காலை சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தால் ஊரே என் தோட்டத்தில் நிற்கிறது! பழம் விழ வலை விரித்தாயிற்று, கிளைகளைத் தட்டக் கோல் சுழல்கிறது, உச்சிக்கிளையில் சாட்சாத் ஹம்மூ! நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இடுப்பு வலியாகவும் இருக்கலாம். இதைவிடப் பெரிய ஆதாரம் எந்த ஆராய்ச்சியாளனுக்குக் கிடைத்திருக்கிறது? ஆகவே என் கட்டுரையை இத்துடன் மறுபடி வைத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் போடுங்கள். பக்கத்திலேயே உங்கள் வருத்தத்தையும் தெரிவியுங்கள், பெரிய எழுத்தில்.

தங்கைக்கு என் ஆசி. பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒரு முத்தம். உங்கள் வீட்டில் எண்ணெயும் அத்திப்பழமும் குறையாதிருக்கட்டும், உங்கள் இதழுக்கு நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மெஸியான்

பின்குறிப்பு: எதையும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம். கடிதத்தை முடித்துவிட்டு நொண்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போய், “கேக்காமலே வந்தீங்களே, இதுதான்யா கொடை!” என்றேன். எல்லாரும் ஜெஜிகாவைப் பார்த்தார்கள். மேலிருந்து ஹம்மூ கத்தினான். “கொடையா? அண்ணி வருஷா வருஷம் எங்க எல்லார் மரத்தடியிலயும் குனிஞ்சு பழம் பொறுக்கியிருக்காங்க. அந்தக் கடனத் தீக்க வந்தோம். உன் மூஞ்சிக்கா வந்தோம்?” ஒவ்வொரு குளிர்காலமும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் போனது அங்கேதானாம். வந்தவர்களுக்குக் கஸ்கஸ் சோற்றைக் கிளறிக்கொண்டே அவள் சொல்கிறாள்: “அக்கா வீட்டுக்கும்தான் போனேன். அவளுக்கும் மரம் இருக்குல்ல?”

ஆகவே என் கட்டுரையைக் கிழித்துவிடுங்கள். “இப்பவாச்சும் ஒத்துக்கிறியா?” என்று ஹம்மூ மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், அவன் இன்னும் உச்சிக்கிளையில் இருக்கிறான், அவன் ஏறின ஏணி என் கையில் இருக்கிறது. வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்கட்டும்.