விசாரிக்க வந்தவர்களுக்குக் களாப்பழம் விற்ற விவரம்

மதிப்பிற்குரிய அன்புச்செல்வன் மாமா அவர்களுக்கு,

சிங்கவரத்திலிருந்து உங்கள் அக்கா மகள் தமிழினி வணக்கத்துடன் எழுதுவது. அம்மா நலம், நைனா நலம், ஆடு இரண்டும் நலம். வெயில் எங்கள் எல்லோரையும்விட நலமாக இருக்கிறது. அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு செய்தீர்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் நிபந்தனை என்றீர்கள். விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்திருப்பதை, ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்பதை, அவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். நீங்கள் பார்க்கவில்லை. அதனால் இன்றைக்கு நானே பார்த்துக்கொண்டேன்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார். மலையடிவாரத்தில் களாப்பழம் பறித்துச் செஞ்சியில் விற்பது, ரேஷன் வாங்குவது, பெண் பார்க்கும் நாளுக்கான ஜாக்கெட்டை டெய்லரிடம் வாங்குவது எல்லாம் என் தலையில். விடிந்ததும் பறிக்கப் போனேன். முள் கையைக் கிழித்தது, காயின் பால் விரலெல்லாம் பிசினாக ஒட்டியது, பாதிப் பழம் வாய்க்குள் போனதில் உதடு கருநீலமாகிவிட்டது. அந்த விரலை ரேஷன் கடை மெஷினில் வைத்தால் ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. "இன்னாம்மா, ரேகைய ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியா" என்றார் கடைக்காரர். வரிசையே சிரித்தது. மண்ணெண்ணெய் தேய்த்துக் கழுவிக்கொண்டு நாளைக்கு வா என்றார். இந்தக் கடைக்கு மண்ணெண்ணெய் வந்து எத்தனை மாதமாகிறது என்று கேட்டேன். சிரிப்பு நின்றது, அரிசி மட்டும் வரவில்லை. டெய்லர் கடை பூட்டியிருந்தது. கொழுந்தியாள் வீட்டில் காதுகுத்தாம். சரி, பழமாவது போகட்டும் என்று கோட்டை ரோட்டில் புளியமரத்து நிழலில் கூடையோடு உட்கார்ந்தேன்.

ஒரு கார் வந்து நின்றது. ஓர் அம்மாளும் அவர் தம்பியும் இறங்கினார்கள். விலையைக் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். நாலு பழம் தின்றதும், எந்த ஊர் என்று கேட்டார். சிங்கவரம் என்றதுமே முகம் மலர்ந்து போனை நீட்டினார்.

"இந்தப் பொண்ணு உங்க ஊருதானாம். தெரியுமா ஒனக்கு?"

போனில் நான். ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி வெளுக்க வைத்தீர்களே மாமா, அந்த நான். சுண்ணாம்பு அடித்த சுவருக்குப் பொட்டு வைத்தது போல இருந்ததால், எதிரே உட்கார்ந்திருந்த அசலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் பெண்ணைப் பற்றி விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம்தான். மாப்பிள்ளையைப் பற்றி நாம் எந்த டீக்கடையில் விசாரித்தோம் என்று யோசித்தேன். கோபம் வந்தது.

"நல்லா தெரியும்மா" என்றேன்.

"அடக்கமா இருக்குமா?"

"வாய் நீளம். மாமங்காரர் பேச்சையே கேக்காது."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நல்ல நிறமாக இருக்கிறதே என்றார் தம்பி. நிறமெல்லாம் படத்தில்தான், நேரில் கிட்டத்தட்ட என் மாதிரி இருக்கும் என்றேன். சமையல் எப்படி என்றார்கள். நைனா வைக்கும் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தரம் சாப்பிடும் என்றேன். கடைசியில் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"வேலைக்குப் போற நெனப்பு எதுனா இருக்குதா?"

"ஒண்ணாந்தேதி சேருதும்மா. கட்டிக்கிறவரு வேணாம்னா, வேலைய வுடாது. அவர வுட்ரும்."

அவர் முகம் சுருங்கியது பழத்தின் புளிப்பாலா, என் பதிலாலா தெரியவில்லை. கார் கோட்டைப் பக்கம்கூடப் போகாமல் திண்டிவனம் ரோட்டில் திரும்பிவிட்டது.

ஆகவே மாமா, யாரும் வர மாட்டார்கள். லீவு போட வேண்டாம். மைசூர்பாகு வேண்டாம் என்று ஸ்வீட் கடையில் சொல்லிவிட்டேன். மன்னிப்பு கேட்க மாட்டேன். நீங்கள் முதல் சம்பளம் வாங்கிய மாதம், பஸ்ஸில் மேலத்தெருக்காரர்கள் ஏறியபோது எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே வந்தீர்கள் என்று அம்மா இன்றும் பெருமையாகச் சொல்வார். அந்தச் சம்பளம் உங்களுக்குச் செய்ததை எனக்குச் செய்யாதா?

அத்தைக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் நூறு வயது வாழ்ந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சொல் கேளாத
தமிழினி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அந்த அம்மாள் போன் செய்துவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மாவாம், பெயர் வசந்தா. அம்மா ஸ்பீக்கரில் போட்டார். "கோட்டை ரோட்ல பழம் விக்கிறவ ஒருத்தி உங்க பொண்ணப்பத்தி கண்டதையும் சொன்னா. கூடைக்காரி பேச்ச யாரு நம்புவா? அவ இந்த வயித்தெரிச்சல் படறான்னா பொண்ணு தங்கம்னு அங்கயே முடிவு பண்ணிட்டோம்." ஞாயிறு பத்து மணிக்கு நிச்சயம் வருகிறார்களாம். அம்மா போனை வைத்துவிட்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே ‘யாரும் வர மாட்டார்கள்’ என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, நீங்களும் வந்துசேருங்கள். அவர்கள் கேட்டால் அதே பதில்களைத்தான் சொல்வேன். கூடைக்காரியை நம்பவில்லை; பெண்ணையாவது நம்புகிறார்களா, பார்ப்போம்.