மச்சமுள்ள கழுத்து யாருடையது?

திருத்தங்கல்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் சபரிநாதன் அவர்களுக்கு, தங்கை சொர்ணலட்சுமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். மதினிக்கு முழங்கால் வீக்கம் வற்றியதா? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பதற வேண்டாம். போனில் பேசினால் உங்கள் மாப்பிள்ளை அடுத்த அறையில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார்.

தீபாவளி சீசன் முடிந்து பிரஸ்ஸில் லேபிள் ஆர்டர் குறைந்ததிலிருந்து அவர் போக்கே சரியில்லை அண்ணே. முப்பது வருடமாகப் பட்டாசு டப்பாவுக்குப் படம் அமைத்துக் கொடுப்பவர், ஒருநாள்கூட என்னைப் படமெடுத்ததில்லை. திடீரென்று நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று ஒன்று, கோலம் போடும்போது மாடியிலிருந்து ஒன்று என்று எடுக்க ஆரம்பித்தார். முதலில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அப்புறம் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வந்து, மாடி அறையில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கேட்டால் “சும்மா” என்றார். சும்மா இருப்பவர் எதற்குத் தாழ்ப்பாள் போட வேண்டும்? அவர் கடைக்குப் போயிருந்தபோது அந்த அறைக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். துண்டு துண்டாக வெட்டிய போட்டோ. ஒரு கண், பாதி மூக்கு, வளையல் போட்ட கை, அதெல்லாம் என்னுடையது. ஆனால் கூடவே ஒரு பெண்ணின் பிடரி இருந்தது. அதில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். எனக்கு அங்கே மச்சம் கிடையாது. என் கழுத்து எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து ஏழு வாரம் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பின்கழுத்தைத்தான் பார்த்தேன். ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். விருதுநகர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணைக்கூட விடவில்லை. கடைசியில் சந்தேகம் பாண்டிலட்சுமி மேல் விழுந்தது. அவர் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் காலண்டர் ஒட்டுகிறவள், எப்போதும் கொண்டையைத் தாழ்த்திப் போட்டிருப்பாள். எதை மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துவிடுகிறேன் என்று வரவழைத்து, கொண்டையை அவிழ்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மச்சம் இல்லை.

“எக்கா, பூ வைக்கக் கூப்பிட்டீகளா, பேன் பாக்கக் கூப்பிட்டீகளா?” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்தப் போட்டோத் துண்டை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அங்கிட்டுத் திரும்புங்க” என்று என் பிடரியைத் தன் போனில் ஒரு படம் எடுத்து என் கையில் கொடுத்தாள். அதே மச்சம். ஐம்பத்து மூன்று வயதில் என் கழுத்தை அப்போதுதான் பார்த்தேன். “அப்போ இத்தன நாளும் என்னையத்தான் நெனச்சீகளாக்கும்” என்றவள், காப்பியைத் தொடாமல் போய்விட்டாள். மறுநாள் காலையில் அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கக்கா, எங்கழுத்த இம்புட்டு அக்கறையா வேற யாரு பாத்தா?” என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வந்த வேகத்தில் மாடி அறைக் கதவைத் தட்டினேன். திறந்தார். சுவரில் ஒரு பெரிய அட்டை. அதில் நான் கண்டபடி ஒட்டப்பட்டிருந்தேன். நேராகப் பார்க்கிற முகத்துக்குள்ளேயே பக்கவாட்டு மூக்கு, நெற்றிக்கு மேல் பிடரி, மூன்று கண், ஆறு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு கரண்டி.

“இது என்ன கோலம்?” என்றேன்.

“க்யூபிசம். நூறு வருசத்துக்கு முன்னால பாரிசுல வரைஞ்சிருக்காக. நம்ம மக ஐஸ்வர்யாதான் சென்னையிலேருந்து படம் அனுப்புனா. ஒரு ஆள ஒரு பக்கமா நின்னு பாத்தா பத்தாதாம். எல்லாப் பக்கத்தையும் ஒண்ணா வைக்கணுமாம். நான் அத போட்டோவ வெட்டிச் செய்யுதேன்.”

“அதுக்கு எதுக்குத் தாழ்ப்பா?”

“நல்லா வரலைன்னா நீ சிரிப்பியேன்னுதான்.”

நான் சிரிக்கவில்லை அண்ணே. ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தேன். எல்லா உறுப்பும் இருக்கிறது, வாய் மட்டும் இல்லை. “வாய் எங்க?” என்றேன். “இடம் பத்தல” என்றார். ஆறு கைக்கு இடம் இருக்கிறது, ஒரு வாய்க்கு இல்லையாம். இது கலை இல்லை, உள்நோக்கம். ஆகவே நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து, உட்கார வைத்து விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

மதினிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்கத் திருத்தங்கல் பெருமாளை வேண்டிக்கொள்ளும்,
தங்கை சொர்ணலட்சுமி.

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் அசந்து படுத்திருந்தபோது, விளையாட்டாக அவருடைய உள்ளங்காலை ஒரு படம் எடுத்தேன். பிறகு முழங்கை, வழுக்கை, குறட்டை விடுகிற வாய் என்று முப்பத்தெட்டு எடுத்துவிட்டேன். பிரிண்டுக்குக் கொடுத்தாயிற்று. நீங்கள் வந்து விசாரித்தால் உஷாராகிவிடுவார். எனக்கு இன்னும் அவருடைய இடது பக்கம் பாக்கி இருக்கிறது.